காது இரையிற மருந்து

எங்கள் அப்போதிக்கரி ஐயாவிடம் போய் "ஊரெல்லாம் சொல்லுது" என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அளந்துகொண்டிருந்த மருந்தை அப்படியே கீழே வைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "ஊரில எத்தின பேர் சொன்னாங்க? சொல்லாத ஆக்கள் எத்தின பேர்?" என்று கேட்பார். காய்ச்சலோடு வந்த மனிதர் காய்ச்சலை மறந்து விரல் மடக்கத் தொடங்குவார். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மருந்து வாங்க வந்த இடத்தில் கணக்குப் பரீட்சை எழுதுவது எங்கள் ஊரில் மட்டும்தான் நடந்திருக்கும்.

நான் அந்த மருந்துச்சாலையில் அவரோடு ஏழு வருஷம் மருத்துவிச்சியாக, எல்லாருக்கும் "மிஸி"யாக, இருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. மருந்துச்சாலை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் வயற்பக்கத்தில் இருந்தது. பட்டினத்துக்குப் போக வேண்டுமென்றால் தோணி ஏற வேண்டும். டாக்டர் பட்டினத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு நாள் வருவார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், வாவி இறால் நல்லதாகக் கிடைக்குமா என்று விசாரிப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டாக்டர் ஐயாதான். நான் அந்த ஊரிலேயே பிறந்தவள். அவர் பட்டினத்துப் புளியந்தீவுக்காரர்.

அவருடைய மனைவி புளியந்தீவிலேயே இருந்துவிட்டார். ஒருமுறை அலுவலாகப் போனபோது, ஏனம்மா அந்தப் பக்கம் வருவதேயில்லை என்று கேட்டேன். "நான் ஒருத்திதானே புள்ள. ஒண்ட மட்டும் வெச்சி அவர் ஒரு முடிவுக்கும் வாறல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வெற்றிலையைக் கொஞ்சம் அழுத்தித்தான் மடித்தார்.

ஐயாவுக்கு வாழ்க்கையில் ஆசை ஒன்றே ஒன்று. கொழும்பில் டாக்டர்மார் கூடுகிற சபையில் தன்னுடைய ஆராய்ச்சி ஒன்று வாசிக்கப்பட வேண்டும், அது தன் பெயரோடு அச்சில் வர வேண்டும். அப்போதிக்கரி என்றால் டாக்டர் செய்வதையெல்லாம் செய்யலாம், டாக்டர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதுவரை அவருடைய பெயர் அச்சில் வந்தது இடமாற்றப் பட்டியலில் மட்டும்தான். அதிலும் ஒருமுறை வேறு யாருடைய ஊரையோ அவர் பெயருக்கு நேரே போட்டுவிட்டார்களாம்.

அவரோடு ஒன்றாகப் படித்த சிநேகிதர் ஒருவர் மேலே படித்துக் கொழும்பில் பெரிய டாக்டராக இருந்தார். சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகைகளைத் தான் வாசித்து முடித்ததும் கட்டாகக் கட்டி ஐயாவுக்கு அனுப்பிவைப்பார். ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, தோணியில் எங்களிடம் வரும். தோணியில் தபால் மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். உலகத்தின் புத்தம் புதிய ஆராய்ச்சியெல்லாம் எங்கள் ஊருக்குக் கருவாட்டு மணத்தோடுதான் வந்து இறங்கியது.

கட்டு வந்த மறுநாள் ஊருக்கு ஒரு புதுச் சட்டம் வரும். ஒருமுறை, பிள்ளைக்குப் பால் கொடுப்பதற்கு நேரகாலம் உண்டு, அழுதபோதெல்லாம் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று கட்டு சொல்லிற்று. ஊரில் மணிக்கூடு ஒன்றே ஒன்று, அதுவும் மருந்துச்சாலையில். ஐயா கோயிலிலிருந்து ஒரு பழைய மணியை இரவல் வாங்கி, மருந்துச்சாலை மாமரத்தில் கட்டி, பகலில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானே அடித்தார். அடித்த சத்தத்தில் ஊரில் நித்திரையான பிள்ளையெல்லாம் திடுக்கிட்டு எழும்பி வீரிட்டது. வீரிட்ட பிள்ளையைத் தாய் தூக்கிப் பால் கொடுப்பாள்தானே. ஐயா என்னை வீடு வீடாக அனுப்பிக் கணக்கெடுத்தார். மணி அடித்த நேரத்தில் பால் கொடுத்த தாய்மார், அநேகமாக எல்லாரும். "பார்த்தீங்களா மிஸி, சொன்னபடி கேக்கிறாங்க" என்று பூரித்துப்போனார்.

இரண்டு மாதம் கழித்து வந்த கட்டில் வேறொரு சீமை டாக்டர், பிள்ளை கேட்கிறபோது கொடுப்பதே மேல் என்று எழுதியிருந்தார். ஐயா அன்றைக்கே மரத்தில் ஏறி மணியைக் கழற்றினார். "நான் பிழை" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். இது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் பிழை என்று ஒத்துக்கொள்வதற்கு முன்னால் இரண்டு தலைமுறை போய்விடும். இவருக்கு ஒரு காகிதத்தைக் காட்டினால் போதும்.

விஷகடி வைத்தியர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். தன் கை பட்ட ஒருவரும் பாம்புக்கடியில் செத்ததில்லை என்று அவருக்குப் பெரிய பேர். ஐயா அவரைத் தேடிப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

"கை படாம விட்ட ஆக்கள் எத்தின பேர்?" என்று கேட்டார்.

"அது கனபேர் ஐயா. சாகப்போற ஆளெண்டு முகத்தில தெரிஞ்சா நான் தொடுறல்ல" என்றார் வைத்தியர், கொஞ்சமும் கூசாமல்.

ஐயா வழி நெடுகச் சிரித்துக்கொண்டு வந்தார். "இந்த மனிசன் கெட்டிக்காரன் மிஸி. கணக்குக்கு ஒத்துவராத ஆளைக் கணக்கில சேக்கிறதே இல்ல. சீமையிலயும் இப்பிடி ஆக்கள் இரிக்கிறாங்க, அவங்கட பேரெல்லாம் அச்சில வருது." தான் ஒருநாளும் அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார்.

அதற்கடுத்த வருஷம் கொழும்பிலிருந்து குடும்பக் கணக்கெடுக்கும் படிவங்கள் வந்தன. எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பாடு, குடும்பத் தலைவன் யார் என்று கேள்விகள். ஐயா தார் வாளியும் தென்னம்பாளைத் தூரிகையுமாக ஊரெல்லாம் நடந்து, ஒவ்வொரு வீட்டு வேலிக்கம்பிலும் வரிசையாக ஒரு எண் எழுதினார். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்கு வந்துவிடுவான். தாய்க்கு ஒரு வீடு, அதே வளவில் மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு என்று அடுத்தடுத்து இருக்கும். கொழும்புப் படிவத்துக்கு இது தெரியாது.

"வீடு ஆருட?" என்று ஐயா ஒருவனைக் கேட்டார்.

"பொஞ்சாதிட."

"வளவு?"

"மாமிட."

"அப்ப இஞ்ச நீ ஆரு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் சாப்பிட வாறவன் ஐயா."

ஐயா அதை அப்படியே எழுதி அனுப்பினார். குடும்பத் தலைவன் என்ற இடத்தில் ஊர் முழுக்கப் பெண்களின் பெயர். கொழும்பு படிவங்களைத் திருப்பி அனுப்பிற்று. ஐயா மறுபடியும் அப்படியே அனுப்பினார். கணக்கு என்று வந்தால் கவர்னருக்கும் பயப்பட மாட்டார்.

இந்த எண்களிலிருந்துதான் வினை தொடங்கியது.

மாரி ஓய்ந்து வெள்ளாமை வெட்டுகிற நாட்களில் எங்களுக்கு நடுக்கற்காய்ச்சல், அதாவது மலேரியா, தவறாமல் வரும். வட்டை வயலில் வாடிக் குடில் போட்டுக் கிடந்து அரிவு வெட்டிய ஆண்கள் நடுங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள், பின்னால் பெண்களும் பிள்ளைகளும் விழுவார்கள். அந்த வருஷம் காய்ச்சல் வருமுன் தடுப்பதற்கென்று வீட்டுக்கு வீடு கிழமைக்கொரு போத்தல் கொயினா, குயினைன் கரைத்த கசப்புத் தண்ணீர், கொடுக்கும்படி அரசாங்கம் மருந்து அனுப்பிற்று. அதே கிழமை பத்திரிகைக் கட்டும் வந்து சேர்ந்தது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வேண்டுமானால், பாதிப் பேருக்கு அதைக் கொடுத்துப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. பாதிப் பேரும் மற்றப் பாதியும் எல்லா விதத்திலும் ஒரே மாதிரியானவர்களாக இருக்க வேண்டுமாம்.

ஐயா மேசையில் தட்டினார். "ஒரே மாதிரி ஆக்களுக்குச் சீமைக்காரன் எங்க போவான் மிஸி? எங்களுக்கு வளவுக்கு வளவு இரிக்கி. அக்காட வீடும் தங்கச்சிட வீடும். ஒரே கிணறு, ஒரே நுளம்புக் கடி, ஒரே தாய்ட சமையல். இதை விட என்ன வேணும்?"

ஒற்றை எண் வீடுகளுக்குக் கொயினா, இரட்டை எண் வீடுகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கிற ஒரு கசப்புத் தண்ணீர். நிறமும் கசப்பும் ஒன்றுதான், காய்ச்சலுக்கு மட்டும் அது ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வந்துவிட்டால் எந்த வீட்டுக்காரருக்கும் மருந்துச்சாலையில் சரியான மருந்து கொடுப்போம். அதில் அவர் கண்டிப்பு. இடது ஜாடியில் கொயினா, வலது ஜாடியில் கசப்புத் தண்ணீர். சனங்கள் கொண்டுவரும் போத்தல்களை நிரப்பி, எண் எழுதின கடதாசித் துண்டை ஒட்டுவது என் வேலை.

நான் சம்மதித்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். கொழும்புச் சிநேகிதர் உடனே பதில் எழுதியிருந்தார், முடிவு எதுவானாலும் சபையில் ஐயாவின் பெயரிலேயே வாசிப்பிக்கிறேன் என்று. அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் முதற்கிழமையே நான் களவு செய்தேன். என் அம்மாவின் வளவில் அம்மா வீடு ஒற்றை எண், அக்கா வீடு இரட்டை எண். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். ஐயா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அக்காவின் போத்தலை இடது ஜாடியில் நிரப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அப்படியே செய்தேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளை வலது ஜாடியில் விட்டுவிட்டு என் அக்கா பிள்ளைகளை மட்டும் இடது ஜாடிக்கு மாற்றினேன். ஐயாவை நான் எவ்வளவு கேலி செய்தாலும், அந்த மருந்துச்சாலையில் அப்போது மோசமான ஆள் நான்தான்.

மூன்றாம் கிழமை, பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்க்கத் தெற்கு வளவுக்குப் போனேன். அந்த வளவு மாமி நாற்பத்தைந்து வயதுக்காரி, குரலெடுத்தால் வாவியின் அக்கரைக்குக் கேட்கும். நான் போனபோது அவர் ஒரு மண்சட்டியில் மூத்த மகள் வீட்டுப் போத்தலையும் இளைய மகள் வீட்டுப் போத்தலையும் ஒன்றாக ஊற்றிச் சிரட்டை அகப்பையால் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டியைச் சுளகால் மூடினார்.

"இது கசாயம் மகள்" என்றார்.

அடுத்த நாட்களில் இன்னும் இரண்டு வளவுகளில் அதே சட்டியைக் கண்டேன். நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் கறியைப் பகிர்கிற மாதிரி மருந்தையும் பகிர்கிறார்கள், நல்லதுதானே என்று நினைத்தேன். சொன்னால் என் களவும் வெளியே வரும் என்ற பயமும் இருந்தது. எல்லாருக்கும் பாதி மருந்தாவது போகிறதே என்று மனதுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

வெட்டு முடிந்தது. ஐயா கணக்கைக் கூட்டினார். ஒற்றை எண் வீடுகளிலும் இரட்டை எண் வீடுகளிலும் காய்ச்சல் ஏறக்குறைய ஒரே அளவு. அவர் மூன்று முறை கூட்டிப் பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது, பிறகு மெல்ல மெல்லச் சிவந்தது.

"மிஸி, விளங்குதா? வருமுன்ன குடிக்கிற கொயினாவால ஒரு பிரயோசனமும் இல்ல. உலகம் முழுக்கச் சும்மா குடிக்குது! இதை நாம கண்டுபிடிச்சிரிக்கம், இந்தப் படுவான்கரையில இருந்து!"

கொழும்புக்கு எழுதினார். சிநேகிதர் மறு தபாலில் பதில் போட்டார். சபையில் நாள் குறித்தாயிற்று, அழகாகப் படியெடுத்து அனுப்பு என்றிருந்தது. கீழே இன்னொரு வரி. முடிவு இதுவானால் அடுத்த மாரிக்கு அந்தப் பக்கத்து மருந்துச்சாலைகளுக்குத் தடுப்புக் கொயினா அனுப்பத் தேவையில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லலாம், அரசாங்கமும் சந்தோஷப்படும்.

அந்த வரியை வாசித்தபோதுதான், அடுத்த மாரிக்கு ஊரில் யாருக்கும் மருந்து இராது என்று எனக்கு உறைத்தது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் நல்ல கடதாசியில் படியெடுத்துக்கொண்டிருந்தார். தலைப்புக்குக் கீழே தன் பெயரை எழுதி, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னேன்.

"ஐயா, பொம்புளயள் ரெண்டு போத்தலையும் ஒரு சட்டியில ஊத்திக் கலந்து குடிச்சிரிக்காங்க."

பேனையைக் கீழே வைத்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"எத்தின வளவில கண்டீங்க?"

"மூணில."

"மூணு வளவை வெச்சி ஊருக்குச் சொல்லேலா மிஸி" என்றார். குரல் மட்டும் சரியாக இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, கேட்டுப் பாப்பம்."

அன்று மருந்துச்சாலையை மூடிவிட்டு வளவு வளவாகப் போனோம். "ரெண்டு போத்தலையும் கலந்தீங்களா?" என்று ஐயா ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். இல்லை. இல்லவே இல்லை. அம்மனாணைக்கு இல்லை ஐயா. நான் கண்ணாலே கண்ட மூன்று வளவுகளிலும், என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, இல்லை என்றார்கள். பத்து வளவு தாண்டியதும் ஐயாவின் நடையில் ஒரு துள்ளல் வந்தது. பக்கம் பக்கமாக "இல்லை" என்று அவர் எழுதிக்கொண்டு வர, ஊரிலேயே பொய்க்காரி நான் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

புளிய மர நிழலில் நின்றார். அவர் விரும்பியிருந்தால் அதோடு திரும்பியிருக்கலாம். ஊரெல்லாம் இல்லை என்கிறது, எண்ணியும் ஆகிவிட்டது. பென்சிலால் தாடையைச் சொறிந்துகொண்டு நெடுநேரம் நின்றார்.

"நான் கேட்ட கேள்வி சரியில்ல மிஸி" என்றார். "கொயினா குடிச்சா என்ன செய்யும்?"

"காது இரையும்."

"பசித் தண்ணி குடிச்சா?"

"இரையாது."

திரும்பவும் முதல் வளவுக்கே போனார். இம்முறை இரட்டை எண் வீடுகளுக்கு மட்டும். கலந்தீர்களா என்று கேட்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்போடு, "நான் தந்த மருந்து எப்பிடி, தங்கச்சி? காது இரைஞ்சிதா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா! நல்லா இரைஞ்ச! நல்ல மருந்தெண்டாக் காது இரையத்தானே வேணும்" என்று ஒவ்வொருத்தியும் பெருமையாகச் சொன்னாள்.

ஒவ்வொரு "ஓம்" என்பதற்கும் அவர் ஒரு கோடு போட்டார். வெயில் உச்சிக்கு வந்தபோது பக்கம் நிறைந்துவிட்டது. வலது ஜாடித் தண்ணீர் வாங்கிப்போன வீடுகளில் காது இரையாத வீடு ஒன்றுகூட இல்லை. மேசையில் கிடந்த, தன் பெயர் எழுதின நல்ல கடதாசியை இங்கிருந்தே தானே ஒவ்வொரு கோடாக அடித்து முடித்த மாதிரித்தான். அவர் கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியும். நேர்மையானவர் என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

கடைசியாகத் தெற்கு வளவு. மாமியும் "ஓம், இரைஞ்ச" என்றார். ஐயா கோட்டைப் போட்டுவிட்டு அங்கே கிடந்த உரலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது. மாமி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு தன் பெரிய குரலைக் குறைத்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, நீங்க இப்பிடி வெயிலுக்க அலையிறதைப் பார்க்கேலாம சொல்றன். கலந்தது மெய்தான். ஊர் முழுக்கக் கலந்தம்."

"ஏன்?" என்றார் ஐயா.

"மூத்தவள்ட போத்தல் குடிச்சாக் காது இரையுது, இளையவள்ட போத்தல் குடிச்சா இரையல்ல, பசிதான் எடுக்கிது. மத்த வளவிலயும் அப்பிடித்தான். உங்களுக்குக் கண் மங்கிப் போச்சி, ரெண்டு போத்தலுக்கு ஒண்டு பிழையாப் போகுதெண்டு நாங்க விளங்கிக்கிட்டம். பட்டினத்து டாக்டர் அறிஞ்சா உங்களை வேலையால நிப்பாட்டிருவாரே. இந்த ஊருக்கு வந்த ஆக்களில நல்ல மனிசன் நீங்க ஒராள்தான். அதால பொம்புளயளெல்லாம் சேர்ந்து, கலந்து குடிப்பம், மறுகா ஆரு வந்து கேட்டாலும் இல்லெண்டு சொல்லுவமெண்டு கண்ணகி அம்மன் வாசல்ல சத்தியம் பண்ணினம். மிஸிக்கும் சொல்லல்ல. நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. உங்கட பிழை எங்களோட."

கண் மங்கவில்லை மாமி, தெரிந்துதான் செய்தோம், உங்கள் இளைய மகளின் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே வெறுந் தண்ணீர் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர்.

ஐயா மோர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை.

"ஓம் தங்கச்சி" என்றார். "என்ட பிழைதான். இனிப் பிழை வராது."

திரும்பி வரும்போது வயல் வரம்பில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உங்கட அம்மாட வளவில ரெண்டு வீட்டிலயும் ஒருத்தருக்கும் காய்ச்சல் வரல்ல. அக்காட போத்தலை நீங்க இடப்பக்கத்தில நிரப்பினது எனக்குத் தெரியும்."

நான் வரம்பிலேயே நின்றுவிட்டேன்.

"எழுதினா உங்கட வேலை போயிரும். அதால அந்த வளவைக் கணக்கில இருந்து எடுத்துப்போட்டன்." அவரும் நின்றார். "ஊரில முழு மருந்து குடிச்ச வளவு அது ஒண்டுதான் மிஸி. கொயினா வேலை செய்யுதெண்டதுக்கு அது ஒண்டுதான் சாட்சி. அதைத்தான் நான் வெட்டி எறிஞ்சிரிக்கன்."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாமல், வட்டையில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

கொழும்புக்கு அன்றே ஒரு கடிதம் போயிற்று. தன் கணக்கு முழுதும் பிழை, அதை வாசிக்கக் கூடாது, அடுத்த மாரிக்குக் கொயினா கட்டாயம் வேண்டும் என்று நாலு வரி. காரணம் என்ற இடத்தில் "மருந்தை நிரப்பியவரின் கவனக்குறைவு" என்று எழுதி, நிரப்பியவர் என்று தன் பெயரைப் போட்டார். சிநேகிதரிடமிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு பத்திரிகைக் கட்டு வரவில்லை. ஐயாவின் பெயர் அடுத்த தடவை, சில வருஷம் கழித்து, அச்சில் வந்ததும் இடமாற்றப் பட்டியலில்தான்.

ஆனால் அடுத்த மாரிக்குக் கொயினா வந்தது. வலது ஜாடியை ஐயா கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். எல்லாப் போத்தலையும் இடது ஜாடியிலிருந்து தன் கையாலேயே நிரப்பினார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, இரண்டு முறை எண் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டாம் கிழமை தெற்கு வளவுக்குப் போனேன். மாமி மண்சட்டியை வைத்து இரண்டு போத்தலையும் அதில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இம்முறை மூடக்கூட இல்லை.

"இன்னும் ஏன் மாமி கலக்கிறீங்க? இனிப் பிழை வராதெண்டு ஐயா உங்களுக்கிட்டச் சொன்னாரே" என்றேன்.

"சொன்னார்தான். பாவம், அவர் என்ன செய்வார்" என்றார் மாமி, அகப்பையைச் சுழற்றிக்கொண்டே. "மங்கின கண்ணு திரும்பியா வரப்போகுது மகள்? நாமதான் பார்த்து நடக்க வேணும். அந்தச் சட்டியை ஆடாமப் பிடி புள்ள."

நான் குந்தியிருந்து சட்டியைப் பிடித்துக்கொண்டேன்.